பள்ளிக்கூடத்தை மறைத்த பந்தல்

பிள்ளைகளே, நீங்கள் இப்போது உட்கார்ந்து படிக்கிற புதுக் கட்டடத்தின் சன்ஷேடுக்கு அடியில் இரும்பு வளையங்கள் இருக்கின்றன. இடைவேளையில் அவற்றை எம்பி எம்பித் தொடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது எதற்கு என்று உங்களில் யாருக்கும் தெரியாதாம். அந்தக் கட்டடத்தில் என் யோசனைப்படி நடந்தது அந்த வளையங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் சொன்னதற்கு நேர் எதிராக நடந்தது. அதனால்தான் கட்டடம் நன்றாக இருக்கிறது.

நான் செஞ்சியில் பந்தல் போடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் என் கம்பும் துணியும் போய் நிற்கும். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. இப்படிப்பட்டவன் எப்படிப் பள்ளிக்கூடம் கட்டுகிற பேச்சில் புகுந்தான் என்று கேட்பீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குச் சேர் இறக்கியது நான். கூட்டம் முடிந்ததும் சேர்களைத் திருப்பி ஏற்ற வேண்டுமே என்று ஓரமாக நின்றிருந்தேன். அன்றைக்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். மற்ற அப்பாக்கள் எல்லாம் நைசாக நழுவிவிட்டார்கள். தலைமையாசிரியை சுற்றிப் பார்த்தார். மிச்சம் இருந்தது சேர்களும் நானும்.

"உங்க பொண்ணு ஏழாவதுதானே படிக்குது? நீங்களும் உறுப்பினர்" என்றார்.

என் மகள் வாசல் பக்கம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போட்டவள். சோடாப் புட்டி அடி மாதிரி கனமான கண்ணாடி. அதைப் போட்டாலும் வெளிச்சம் குறைந்தால் போர்டு அவளுக்கு வெறும் கறுப்புப் பலகைதான். பழைய கட்டடத்தின் பெரிய ஹாலில் கிழக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள் இருக்கின்றன அல்லவா, அதில் முதல் ஜன்னலை ஒட்டிய பெஞ்சை டீச்சர் அவளுக்கென்றே ஒதுக்கியிருந்தார். காலை வெயில் போர்டில் நேராக விழாமல் பக்கவாட்டில் வழிந்து வரும் இடம். அந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அவளால் யாரையும் கேட்காமல் எழுத முடியும். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதான். "இன்னிக்கு எல்லாம் நானே பார்த்து எழுதினேன் நைனா" என்பாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனையும் செய்தேன்.

பழைய கட்டடம் வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். ஒரு முழம் கனத்தில் சுவர். உள்ளே ஆறாவதும் ஏழாவதும் ஒரே ஹாலில் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தன. இங்கே பானிபட் யுத்தம் நடக்கும்போது அங்கே ஒளிச்சேர்க்கை நடக்கும். ஆறாவது பிள்ளைகள் சில பேர் பரீட்சையில் பானிபட்டில் செடி வளர்த்ததாக டீச்சர் சொல்லிச் சிரித்தார். ஆகவே கூடுதலாக இரண்டு வகுப்பறை. கேட்டுக் கேட்டு, தலைமையாசிரியை ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் உத்தரவு வந்தது.

அளக்க வந்தது ஒரு பெண் என்ஜினியர். சின்னப் பெண்தான். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார். நான் அதைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது மேடம்" என்றேன். அவர் தாளைத் திருப்பி வைத்தார்.

அவர் போட்டிருந்தது இதுதான். புது வகுப்பறைகள் பழைய கட்டடத்துக்கு வடக்கே, அதே வரிசையில். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, மழையில் நனையாமல் போய்வர மூடிய நடைபாதை. கூரை உயரம் பழசின் கைப்பிடிச் சுவருக்கு மேலே போகாது.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. "முன்னாடி இவ்ளோ எடம் கெடக்குதே மேடம். ரோட்டப் பார்த்தாப்புல கெத்தா கட்டலாமே. பின்னாடி இந்தப் பழசு இருக்கறதே தெரியாது" என்றேன்.

"பழசு தெரியக் கூடாதுன்னு ஏன் நினைக்கிறீங்க?"

"பாருங்க மேடம். கைப்பிடிச் சுவத்துல அரசங்கன்னு மொளைச்சிக் கெடக்குது. காரை உதிர்ந்து நிக்குது. கோட்டைக்கு வர்றவன்லாம் இந்த ரோட்டுலதான் போறான். அவன் கோட்டையோட சேர்ந்த இடிஞ்ச மண்டபம்னு நெனச்சிக்கினு போட்டோ எடுக்கறான்."

"கன்னைப் பிடுங்கலாம். காரை பூசலாம். சுவர் கல்லு மாதிரி இருக்கு சார். புதுசு வந்தா அது பழசுக்குப் பக்கத்துல மரியாதையா நிக்கணும். முன்னாடி போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

நான் மேசையைத் தட்டினேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. "மேடம், நீங்க படிச்சவங்க. ஆனா ஒரு எடத்துக்கு மொகப்பு எங்க வெக்கணும்னு இருவது வருசமா நான் பார்த்துக்கினு இருக்கறேன்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் என் தொழிலின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தல்காரனுக்கு முகப்பு மட்டும்தான் உண்டு. பின்னால் சாக்கடை இருந்தால் துணி கட்டு. மாட்டுக் கொட்டகை இருந்தால் துணி கட்டு. பெண் வீட்டுக்குப் பூசாத சுவர் இருந்தால் இரண்டு துணி கட்டு. இப்படி மறைத்து மறைத்தே பழகிய கண்ணுக்கு அந்தப் பழைய கட்டடம் கட்டடமாகவே தெரியவில்லை. மறைக்க வேண்டிய ஒன்றாகத்தான் தெரிந்தது.

குழுத் தலைவி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை வைத்திருக்கிறவர். யோசித்துப் பார்த்து, "அண்ணன் சொல்றதும் நல்லாத்தான் இருக்குது. ரோட்டுலருந்து பார்க்கப் பெருசா தெரியும்" என்றார். மற்ற பெற்றோரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜினியர் தாளைச் சுருட்டினார். "அடுத்த புதன்கிழமை தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் மேலே அனுப்பிடுவேன். அனுப்பின பிறகு இடத்தை மாத்த முடியாது. அதுக்குள்ள ஒரு தடவை யோசிங்க."

"யோசிக்கறது இன்னா மேடம், நான் கட்டியே காட்டறேன்" என்றேன். வாய் அப்படி.

அன்று சாயங்காலம் மகள் கேட்டாள். "புதுக் கட்டடம் எங்க நைனா வருது?"

"முன்னாடி. நம்ம போட்டதுதான் பிளானு."

"அப்ப என் ஜன்னலு?"

"ஜன்னலு எங்கியும் போவாது. அங்கியேதான் இருக்கும்."

"எதிர்ல சுவரு வந்துடுமே."

"டியூப் லைட்டு போடுவாங்கம்மா. உங்க ஹால்ல பட்டப்பகல் மாதிரி இருக்கும்."

"பட்டப்பகல்ல பட்டப்பகல் மாதிரி எதுக்கு நைனா லைட்டு?"

"வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு" என்றேன். பதில் இல்லாதபோது பெற்றோர் சொல்வது அது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் என் ஆட்கள் இரண்டு பேரோடு இறங்கினேன். சவுக்குக் கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, புதுக் கட்டடம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரமோ அதே அளவில் பந்தலாகவே கட்டினோம். சுற்றிலும் துணி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துணியில் வெளிச்சம் ஊடுருவும், சுவரில் ஊடுருவாது, ஆகவே இருக்கிறதை இருக்கிறபடி காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு நேர்மை எழுந்தது. ஹாலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் துணிக்கு மேல் தார்ப்பாயையும் சேர்த்துக் கட்டினேன். என் வாழ்க்கையில் அநாவசியமாக நேர்மை காட்டிய இடம் அது.

இன்னொரு காரியமும் நடந்தது. வல்லத்தில் ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துவிட்டு நேராக வந்ததால், வண்டியில் தாரோடு வாழைமரங்கள் மிச்சம் இருந்தன. முகப்புக் கம்பு நட்டதும் அதில் வாழைமரம் கட்டுவது எங்கள் கைப்பழக்கம். யாரும் சொல்லவில்லை. கை தானாகக் கட்டிவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன். லட்சணமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தல் வாசலில் நின்றேன். கூட்டம் மத்தியானம்தான். ஆனாலும் ஊர் பார்க்கட்டுமே.

ஊர் பார்த்தது. முதலில் சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறங்கி, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு வந்தார். "மாப்ள எந்த ஊரு?" என்றார்.

"கல்யாணம் இல்லீங்க. கட்டடம்."

"கட்டடமா? வாழைமரம் கட்டிக்கினு இருக்குது?"

"சும்மா மாதிரிக்கு."

"மாதிரிக்குச் சாப்பாடு உண்டா?"

அவரை அனுப்புவதற்குள் பனமலைப் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ நின்றது. பட்டுப் புடவை கட்டிய மூன்று பெண்கள் இறங்கினார்கள். அவர்கள் போக வேண்டிய கல்யாணம் அடுத்த தெருவில். இங்கேதான் என்று நினைத்து ஆட்டோவை அனுப்பியும் விட்டார்கள். வழி காட்டி அனுப்பினேன். அதில் ஒரு அம்மா போகும்போது, "வேஷ்டியெல்லாம் கட்டிக்கினு வாசல்ல நின்னா நாங்க பொண்ணுக்கு அப்பான்னுதானே நெனப்போம்" என்று என்னையே திட்டிவிட்டுப் போனார். தலைமையாசிரியை ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்தில யாருக்குக் கல்யாணம்னு மேல இருந்து போன் வருது. நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

"வாழைமரத்த எடுத்துடறேன் டீச்சர்" என்று பந்தலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கட்டை அறுக்கிற அரிவாள் அங்கேதான் கிடந்தது. பந்தலின் பின்பக்கம் என்றால் பழைய கட்டடத்தின் முன்பக்கம். தார்ப்பாய்க்கும் ஹாலின் ஜன்னல்களுக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி ஆகியிருந்தது. நுழைந்ததுமே மேலெல்லாம் வியர்த்தது. கிழக்கே இருந்து வருகிற கொஞ்சம் காற்றும் அந்தப் பக்கமே நின்றுபோய்விட்டது. மேற்கே மலைப் பாறைகள் எப்படிச் சூட்டைக் கக்கும் என்று செஞ்சிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு ஊர் முழுக்கக் கரண்டு கட். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்களே, அது. நான் சொன்ன டியூப் லைட்டு கூரையில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹால் கிணறு மாதிரி இருந்தது. டீச்சர் போர்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுத்து எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் மகள் பெஞ்சில் இல்லை.

அவள் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய் ஒரு வரியைப் படித்தாள். பிறகு வாய்க்குள் சொல்லிக்கொண்டே பெஞ்சுக்கு ஓடி வந்து, நோட்டில் எழுதினாள். மறுபடி எழுந்து போனாள். படித்தாள். ஓடி வந்தாள். பாதியில் மறந்துபோய் நின்று, திரும்பப் போனாள். பக்கத்துப் பெண், "நான் சொல்றேன் எழுதுடி" என்றது. இவள், "வேணாம், நானே பார்க்கறேன்" என்றாள்.

நான் கையில் அரிவாளோடு நின்றேன். அவள் நான் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். அந்த இருட்டில் நான் ஒரு கம்புதான்.

இதிலே எனக்கு அப்போது வந்த யோசனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். தார்ப்பாயில் ஜன்னல் மாதிரி ஓட்டை வைத்தால் சரியாகிவிடுமோ என்று முதலில் யோசித்தேன். சுவரில் ஓட்டை வைத்து அதன் வழியாக இன்னொரு கட்டடத்துக்கு வெளிச்சம் விடுகிற பிளானை உலகத்திலேயே நான்தான் முதலில் கண்டுபிடித்திருப்பேன். பிறகு அவள் நான்காவது முறையாகவோ ஐந்தாவது முறையாகவோ போர்டுக்கு எழுந்தாள். நான் கயிற்றை அறுத்தேன்.

தார்ப்பாய் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து சிவப்புத் துணி. வெளிச்சம் ஹாலுக்குள் அப்படியே தடதடவென்று போன மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். என் ஆள் ஒருவர் ஓடி வந்தார். "இன்னாண்ணே, மீட்டிங்கே இன்னும் நடக்கல, அதுக்குள்ள அவுக்கறீங்க?"

"முடிஞ்சிடுச்சு மீட்டிங்கு. எல்லாத்தையும் அவுத்துடு."

மகள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று என்னையும் அரிவாளையும் பார்த்தாள். கண்ணாடியை மூக்குமேல் ஏற்றிக்கொண்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, போர்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

மத்தியானக் கூட்டத்தில் நான் கடைசி சேரில் உட்கார்ந்தேன். என்ஜினியர் வந்து, பாதி பிரித்துக் கிடந்த பந்தலைப் பார்த்துவிட்டு, "காத்துல விழுந்துடுச்சா?" என்றார்.

"இல்ல மேடம். நானே விழ வெச்சேன். நீங்க போட்ட எடமே இருக்கட்டும்."

பூக்கடை அம்மா விடவில்லை. "ஏண்ணே, போன வாரம் மேசையத் தட்டுனது உங்க கைதானே? இல்ல வேற யாராவது வந்து தட்டிட்டுப் போனாங்களா?"

"கை என்னுதுதாம்மா. மேசை ஸ்கூலுது."

"அப்ப எங்க எல்லாரையும் தலையாட்ட வெச்சீங்களே, அந்தத் தல யாருது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஹாலுக்குள் பார்த்ததைச் சொன்னேன். மகள் பேரில் சொல்ல வெட்கமாக இருந்ததால், "ஒரு பொண்ணு" என்று சொன்னேன். யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அந்த அம்மா தீர்மான நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வடக்குப் பக்கம் என்று தீர்மானம் எழுதினார்கள். பூக்கடை அம்மா முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொல்லிவிட்டு, "மறுபடி மாத்திடப் போறாரு, சீக்கிரம் வாங்குங்க" என்றார்.

என்ஜினியர் என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இந்தப் பந்தலை அப்படியே வடக்குப் பக்கம் மாத்திக் கட்ட முடியுமா சார்? நானும் என் பிளானை ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன்" என்றார். மறுநாள் கட்டிக் கொடுத்தேன். வாழைமரம் கட்டவில்லை.

அவர் செய்தது வேறு மாதிரி இருந்தது. நான் என் பந்தலை வெளியே ரோட்டில் நின்றுதான் பார்த்திருந்தேன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். "இங்க உட்கார்ந்தா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஆறாவது பிள்ளைகள், ஏழாவதின் சத்தம் கேட்கக் கூடாது என்றார்கள். பெண் பிள்ளைகள், பாத்ரூம் போகிற வழி பையன்கள் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கு முன்னால் வேண்டாம் என்றார்கள். என் மகள் மேற்கே கை காட்டி, "உக்காந்துக்கினே மலை தெரியணும் மிஸ்" என்றாள். என்ஜினியர் அந்தப் பக்கத் துணியைக் கீழ்வரை சுருட்டச் சொன்னார். நான்தான் சுருட்டினேன். ராஜகிரி முழுசாக வந்து நின்றது. மேற்குச் சுவரின் ஜன்னல்கள் தாழ்வாகவும் அவற்றின் சன்ஷேடு நன்றாக வெளியே நீண்டும் இருப்பது அதனால்தான்.

எல்லாம் முடிந்து அவர் ஸ்கூட்டியை எடுக்கும்போது, "மேடம், ஒரே ஒரு விசயம்" என்றேன். பூக்கடை அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இல்ல மேடம், சன்ஷேடுல நாலஞ்சு வளையம் விட்டுக் கட்டிட்டீங்கன்னா, விழான்னு வர்றப்ப பந்தலு கட்டச் சுவத்துல ஆணி அடிக்க வேணாம், தரையத் தோண்ட வேணாம்."

அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். தாளை எடுத்து எழுதிக்கொண்டார்.

திறப்பு விழா அன்று அந்த வளையங்களில் முதல் கயிறு கட்டியது நான். காரை பூசி, அரசங்கன்று பிடுங்கி, வெள்ளையடித்த பழைய கட்டடம் புதுசுக்குப் பக்கத்தில் அண்ணன் மாதிரி நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் தெரிந்தது. பெரிய மனிதர்கள் வரப் போகிறார்கள், பழைய ஹாலுக்கு முன்னாலும் துணி இழுத்து மேடையாக்கலாம் என்று கை பரபரத்தது. ஏணியில் ஏறிவிட்டேன்.

கீழே ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. உள்ளே என் மகள் வரவேற்புரையை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நைனா, அந்தத் துணிய எங்க கட்டப் போற?"

"சும்மா, மேடைக்கு மேல, நெழலுக்கும் அழகுக்கும்."

"எழுதி முடிக்கற வரைக்கும் கட்டாத."

விழா தொடங்கும் வரை அவள் எழுதி முடிக்கவே இல்லை. மேடை அந்தத் துணி இல்லாமலே நின்றது. வெயில் தலைவர்கள் முகத்தில் அடித்தது. ஒருவர் பேச்சு முழுக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டே பேசினார். யார் போட்ட பந்தல் இது என்று கடைசியில் கேட்டாராம். தலைமையாசிரியை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.